நாச்சிமுத்துவின் மறுப்பு

பழுதான ஹார்ட் டிஸ்கைக் கொண்டுவருகிற எல்லாரிடமும் கலாமணி முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். “இதுல எது போனா உங்களால தாங்க முடியாது?” கேட்பதற்குக் காரணம் உண்டு. சாகக் கிடக்கிற டிஸ்க் இன்னும் எத்தனை நேரம் ஓடும் என்று அதற்கே தெரியாது. ஓடுகிற வரைக்கும் முக்கியமானதை முதலில் எடுத்துவிட வேண்டும். ஆனால் வருகிறவர்கள் ஒழுங்காகப் பதில் சொன்னால்தானே? ‘எல்லாமேதாங்க’ என்பார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன் இலையைக் காட்டுவது மாதிரி மொத்தத்தையும் காட்டுவார்கள்.

கோயமுத்தூர் காந்திபுரத்தில் நகைக்கடைகளுக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் இருந்தது அவளுடைய கடை. அன்று மூச்சு வாங்கப் படியேறி வந்த அம்மாள் அப்படிச் சொல்லவில்லை.

“என் ஊட்டுக்காரருங்க,” என்றார்.

கூட வந்த மகன், கையில் இருந்ததை மேசைமேல் பதனமாக வைத்தான். பேச்சுப்பெட்டி. இப்போதெல்லாம் இது அதிசயமில்லை. பக்கவாதம் வந்து வாயும் கையும் மொத்தமாக விழுந்துபோனவர்கள் வீட்டில் தலைமாட்டில் இது உட்கார்ந்திருக்கும். நெற்றியிலும் தாடையிலும் ஒட்டிய பட்டைகள் வழியாக, வெளியே தெரியாத சின்னச் சின்ன அசைவுகளை வாங்கிக்கொண்டு, படுத்திருக்கிறவர் சொல்ல நினைப்பதை அவருடைய பழைய குரலிலேயே சொல்லும். ஒருவருடைய பேச்சு வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, எல்லாவற்றையும் பெட்டிக்குள்ளேயே ஒரு டிஸ்கில் வைத்தார்கள். இந்தப் பெட்டியைச் செய்த கம்பெனி காசு மிச்சம் பிடிக்கச் சுழலும் பழைய ரக டிஸ்கைப் போட்டு விற்றுத் தீர்த்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. கெட்டுப்போனால் கேட்பதற்கு நாதியில்லை.

“டிக்கு டிக்குன்னு சத்தம் வந்துச்சுங்க அம்மிணி, பல்லி கத்தறதாட்டம்,” என்றார் அந்த அம்மாள். அவர் பெயர் தெய்வானை. “பேசிட்டே இருந்தவரு பாதியில நிறுத்திட்டாரு. இப்பக் கண்ணை மட்டும் தொறந்துட்டுக் கெடக்கறாருங்க.”

கலாமணி டிஸ்கைக் கழற்றி, ஒரு நொடி மட்டும் மின்சாரம் கொடுத்துக் காதருகே வைத்துக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த சத்தம்தான், நல்ல சத்தமில்லை.

“உள்ள கண்ணாடியாட்டம் ஒரு தட்டு சுத்துதுங்க. அதைத் தொடாம ஒரு முனை மேல மெதந்துட்டே படிக்கும். அந்த முனை கெட்டுப்போச்சு. இனி அது தட்டைத் தொட்டுட்டா சொறண்டிரும். சொறண்டுன எடத்துல இருந்தது போனது போனதுதான்.”

“எந்த எடத்தைச் சொறண்டும்னு சொல்ல முடியுங்களா? அவரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடறது போயிருமுங்களா?”

மகன் மூர்த்தி லேசாகச் சிரித்தான். “அம்மாவுக்கு அது பெரிய விசயங்க அக்கா. அப்பா முன்னெல்லாம் பேரு சொல்லமாட்டாரு. தொண்டையைக் கனைப்பாரு, அம்மா ஓடணும். கணபதி ஏரியாவுல மோட்டார் பட்டறை வெச்சிருந்தாருங்க. ‘முடியாது நாச்சிமுத்து’ன்னா எல்லாருக்கும் தெரியும். எவன் வந்து எதைக் கேட்டாலும் மொதல்ல முடியாதும்பாரு. அப்புறம்தான் என்ன ஏதுன்னே கேப்பாரு.”

“படுத்ததுக்கப்புறம் ஆளே மாறிட்டாருங்க,” என்றார் தெய்வானை. “ஒரு கடுஞ்சொல் இல்லீங்க. ‘சாப்பிட்டியா தெய்வானை, போய்ப் படு தெய்வானை’ம்பாரு. நோவு மனுசனைப் பக்குவப்படுத்திருச்சுங்க.”

சொல்லும்போது அவர் முகத்தில் புதுப்பெண்ணின் வெட்கம் ஒன்று வந்து போனது. கலாமணிக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எடுத்துத் தருகிறேன் என்று அவள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அன்று வாய் தவறிக் கொடுத்துவிட்டாள்.

இந்த வேலையில் அவசரப்பட்டவன் கெட்டான். தூசி புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் டிஸ்கைப் பிரித்து, அதே ரகத்து நல்ல டிஸ்க் ஒன்றிலிருந்து முனையைக் கழற்றி இதற்கு மாட்டினாள். எந்த இடம் முரண்டு பிடிக்கிறதோ அதைச் சீண்டாமல் விட்டுவிட்டு, சுலபமாக வருவதையெல்லாம் முதலில் நகலெடுப்பதுதான் தொழில் முறை. அப்படியே செய்தாள். குரல் வந்தது. பேச்சு நடை வந்தது. ‘தெய்வானை’ வந்தது. இரண்டு வருடமாக நாச்சிமுத்துவின் தாடையிலிருந்து பட்டைகள் வாங்கி வைத்த அசைவுகள் அத்தனையும், வீட்டார் கேட்டதும் பெட்டி சொன்னதும் எல்லாம் வந்து சேர்ந்தன. தட்டின் வெளி விளிம்பில் ஒரு துண்டு மட்டும் வரவில்லை. டிஸ்கில் முதன்முதலில் எழுதியது அங்கேதான் இருக்கும். இத்தனை வந்த பிறகு அந்தத் துண்டு போனால் போகிறது என்று கட்டிக் கொடுத்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

என்ன போயிற்று என்று தெரியாமல் பொருளைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் கலாமணிக்கு இல்லை. பார்த்தாள். போனது, பெட்டிக்கு நாச்சிமுத்துவின் மறுப்பை, அதாவது ‘இல்லை’ என்று அவர் நினைக்கும்போது வரும் அசைவை, கற்றுக்கொடுத்த ஆரம்ப மாதிரிகள். ஆஸ்பத்திரியில் எடுத்தவை.

சரி, அதற்குப் பிறகு வீட்டில் மாதாமாதம் பயிற்சி கொடுத்திருப்பார்களே, அதில் மறுப்பு இருக்குமே என்று தேடினாள். ஆமோதிப்பு மாதம் தவறாமல் இருந்தது. மறுப்பு ஒரு மாதம்கூட இல்லை. பெட்டி இதுவரை சொன்ன வாக்கியங்களைப் பார்த்தாள். சொல்லும் முன் பெட்டி ஒவ்வொரு வாக்கியத்தையும் திரையில் காட்டும். வேண்டாமென்றால் படுத்திருக்கிறவர் மறுக்கலாம், பெட்டி வேறொன்றை யோசிக்கும். இரண்டு வருடத்தில் ஒரு வாக்கியம்கூட மறுக்கப்பட்டதாகப் பெட்டியில் பதிவில்லை. ‘முடியாது நாச்சிமுத்து’ என்று பேர் வாங்கிய மனிதர்! கலாமணி உடனே தெய்வானையை வரச் சொன்னாள்.

“அம்மா, மாசாமாசம் பயிற்சி குடுக்கச் சொல்லியிருப்பாங்களே, குடுத்தீங்களா?”

“அமாவாசை விரதம் தப்புனாலும் அது தப்புனதில்லீங்க அம்மிணி.”

“எப்படிக் குடுப்பீங்க?”

“பொழுதோட வெளக்கு வெச்சுட்டு அவரு பக்கத்துல உக்காருவனுங்க. என்ன கேக்கோணும்னு பொட்டி சொல்லும். ‘உங்க பேரு நாச்சிமுத்துங்களா? நாம கோயமுத்தூருல இருக்கறமுங்களா? மூர்த்தி உங்க பையனுங்களா?’ அவரு ஆமான்னு நெனைப்பாரு, பச்சை லைட்டு எரியும். கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்குமுங்க.”

“சரி. அப்புறம் பாதிக் கேள்வி தப்பா இருக்குமே? அவரை இல்லைன்னு சொல்ல வெக்கறதுக்கு?”

தெய்வானை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“அதை நாங்க பண்றதில்லீங்க.”

“ஏனுங்க?”

“வெளக்கு வெச்ச நேரத்துல, படுத்துக் கெடக்கற மனுசனை, இல்லை இல்லைன்னு சொல்ல வெப்பாங்களா யாராச்சும்? அதுவும் என்ன கேள்விங்கறீங்க! ‘உங்களுக்குக் கொழந்தைகளே இல்லையா’ன்னு ஒண்ணு. ‘உங்க ஊடு இடிஞ்சு போச்சா’ன்னு ஒண்ணு. அதைக் கேக்கற வாய் வெளங்குமுங்களா? ஆஸ்பத்திரியில அந்த நர்சுப்புள்ள கேட்டப்பவே எனக்கு நெஞ்சு பதறுச்சு. ஊட்டுக்கு வந்ததும் பாத்தேன், தாண்டிப் போகறதுக்கு ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்கி உட்டுட்டேன்.”

கலாமணிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அம்மாவும் அரிசி தீர்ந்தால் “அரிசி நெறைஞ்சிருக்குது, வாங்கிட்டு வா” என்றுதான் சொல்வாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னதற்கு அவள் சின்ன வயதில் அடி வாங்கியிருக்கிறாள். பெட்டியைச் செய்தவர்களுக்கு ‘இல்லை’ என்பது வெறும் சொல். இந்த ஊரில் பெண்பிள்ளைகள் அதை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர்மேலும் தப்பில்லை, நடுவில் படுத்திருந்தவர் மாட்டிக்கொண்டார்.

அந்தத் துண்டை எடுத்தே ஆக வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். மற்றதெல்லாம் பத்திரமாகிவிட்டதால் இனி டிஸ்க் செத்தாலும் நஷ்டமில்லை. கடைசியாகக் கையில் இருந்த நல்ல முனையை மாட்டி, இயந்திரத்தை நத்தை வேகத்துக்குக் குறைத்து, விளிம்பில் இறக்கினாள். வராத இடத்தில் திரும்பத் திரும்பப் போனாள், கொஞ்சம் வந்ததும் விலகினாள், டிஸ்க் ஆறட்டும் என்று காத்திருந்தாள். கடைசித் துணுக்கு வந்து சேர்ந்த சற்று நேரத்தில் உள்ளே ‘கிரீச்’ என்றது. டிஸ்க் அத்தோடு முடிந்தது.

எடுத்த மாதிரியைச் சேமித்து வைத்திருந்த அசைவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையைக் கணினியிடம் கொடுத்துவிட்டு டீ குடித்தாள். திரும்பி வந்தபோது திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

நாச்சிமுத்து மறுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்து மறுத்திருக்கிறார். ‘நல்லா இருக்கேன் தெய்வானை’ என்று பெட்டி திரையில் காட்டியபோது மறுத்திருக்கிறார். ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம்’ என்று காட்டியபோது மறுத்திருக்கிறார். ‘டாக்டர் சொல்றபடி செய்யுங்க’, ‘டி.வி.யை நிறுத்திரு’, ‘போய்ப் படு தெய்வானை’, எல்லாவற்றையும் மறுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்த அன்றே பயிற்சியில் மறுப்பைத் தாண்டிவிட்டதால், பெட்டிக்கு அந்த அசைவு என்னவென்றே மறந்துபோயிருந்தது. தும்மலோ விக்கலோ என்று ஒதுக்கிவிட்டு, அவர் சம்மதித்ததாக எடுத்துக்கொண்டு பேசியிருக்கிறது. பேசியதையே மறுபடி பாடமாகப் படித்து, இன்னும் இனிக்க இனிக்கப் பேசியிருக்கிறது.

முதல் வருடம் சிவப்பு அடர்த்தியாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல இடைவெளி விழுந்தது. போன மார்கழியோடு நின்றுவிட்டது. இப்போது ஆடி. இத்தனை மாதமாக ஒரு மறுப்புகூட இல்லை.

கலாமணி அழுதாள். யாரோ ஒரு மனிதருக்காக அப்படி அழுவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. தன் குரலை இன்னொன்று எடுத்துக்கொண்டு தன் வீட்டாரோடு கொஞ்சிப் பேச, அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை.

மூர்த்தி பெட்டி தயாரா என்று கேட்க வந்தபோது அவனிடம் சொன்னாள். அவனுக்கு முதலில் பிடிபடவில்லை.

“அப்பாதானே பேசினாருங்க அக்கா?”

“பெட்டி யூகிக்கும். அவரு வேண்டாம்னு சொல்லலைன்னா, சரின்னு எடுத்துக்கிட்டுப் பேசிரும். நோயாளிக்குச் சிரமம் வேண்டாம்னு அப்படி வெச்சுட்டாங்க. மௌனம் சம்மதம்னு நாம சொல்றதில்லையா, அதேதான். ஆனா அவரு மௌனமா இல்லை தம்பி. வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டேதான் இருந்திருக்காரு. அது பெட்டிக்குக் கேக்கலை.”

அவன் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான்.

“பட்டறையை வித்தனே... அதுக்கு?”

கலாமணி பார்த்து வைத்திருந்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

“‘சரி சாமி, உனக்கு எது தோதோ அதைச் செய்’னு திரையில வந்துச்சு. மறுத்தாரு. நீங்க மறுபடியும் கேட்டீங்க. மறுபடியும் மறுத்தாரு.”

“நான் மறுபடி கேட்டதே அவரு மனசு நோகக் கூடாதுன்னுதாங்க அக்கா,” என்றான். “அவசரத்துல சொல்லிட்டாரோன்னு ரெண்டு மூணு தடவை கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேற வழியில்லீங்க.”

“தெரியுது தம்பி. கேள்வியும் அதுல இருக்குது. நீங்க எவ்வளவு தன்மையாக் கேட்டீங்கன்னும் இருக்குது.”

பிறகு, “அந்தத் துண்டைப் போடாம உட்டா என்னங்க? மத்ததெல்லாம்தான் வந்திருச்சே. அம்மா தாங்கமாட்டாங்க. அந்தப் பேச்சை நம்பித்தான் எந்திரிச்சு நடமாடறாங்க,” என்றான்.

“உடலாம். யாருக்கும் தெரியாது. அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

மூர்த்தி எழுந்து ஜன்னலருகே போய் நின்றான். கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்தன.

“அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க அக்கா,” என்றான் திரும்பாமலே. “எனக்கு வாய் வராது.”

தெய்வானை கடைக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் அழுவார், கத்துவார், பட்டனை அமுக்கிய விரலைச் சபிப்பார் என்று கலாமணி பயந்திருந்தாள்.

“அப்ப இந்த ரெண்டு வருசமா என்கூடப் பேசிட்டிருந்தது யாருங்க?” என்று கேட்டார்.

“பெட்டிங்க. அவரு குரல்ல. நீங்க எதைக் கேட்டா சந்தோசப்படறீங்களோ அதைப் படிச்சு வெச்சுட்டு.”

“போன தை மாசம் எனக்குக் காய்ச்சலுங்க. முடியாம அவரு கட்டல் காலைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். ‘உன்னை நான் நல்லா வெச்சுக்கலை தெய்வானை’ன்னாரு. முப்பது வருசமா அந்த ஒரு சொல்லுக்குத்தானுங்க காத்துட்டிருந்தேன். அதுவும் பொட்டி சொன்னதுங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மையாக இருக்காது.

“தெரியலீங்க அம்மா. அவரு மார்கழியோட மறுக்கறதை உட்டுட்டாரு. தை மாசம் அவரு சும்மா இருந்தது, ஆமான்னு சும்மா இருந்ததா, அலுத்துப்போய்ச் சும்மா இருந்ததான்னு என்னால சொல்ல முடியாது.”

தெய்வானை தலையை ஆட்டினார். இவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த புருஷனை இந்த அம்மாள் ஒரே சொல்லில் தொலைக்கப் போகிறார், தானே அதைக் கையில் எடுத்துக் கொடுக்கிறோம் என்று கலாமணிக்குத் தோன்றியது. வேண்டாம் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்வது என்று மனதுக்குள் முடிவும் செய்துவிட்டாள்.

“போட்டுருங்க அம்மிணி,” என்றார் தெய்வானை. “அங்க படுத்திருக்கறவரைத்தானுங்களே நான் கட்டுனது.”

அடுத்த நாள் காலையில் புது டிஸ்கைப் போட்ட பெட்டியோடு கலாமணி அவர்கள் வீட்டுக்குப் போனாள். நாச்சிமுத்துவுக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்த்தியிருந்தார்கள். பெரிய உடம்பு. கரியும் வார்னிஷும் ஏறிப்போன நகங்கள் இன்னும் வெளுக்கவில்லை. கண்கள் மட்டும் உத்தரத்தில் ஏதோ ஒரு இடத்தில் இருந்தன. யார் உள்ளே வந்தாலும் அவை நகரவில்லை.

பட்டைகளை ஒட்டி, பெட்டியை முடுக்கினாள். திரையில் எழுத்து ஓடியது. கொஞ்சம் தாமதித்து, கரகரத்த ஆண்குரல் அறையில் கேட்டது.

“வா தெய்வானை. சாப்பிட்டியா?”

“பேசறாரு!” என்றான் மூர்த்தி. கலாமணி விளக்குகளைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை, பச்சையும் எரியவில்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை. இன்னமும் பெட்டிதான் பேசிக்கொண்டிருந்தது. இப்போது மறுத்தால் கேட்கும். ஆனால் கேட்கும் என்று அவருக்கு யார் சொன்னது? எத்தனையோ தடவை தட்டிப் பார்த்துத் திறக்காத கதவை எவனும் சும்மா மறுபடி தட்டமாட்டான்.

“அம்மா, அவருகிட்டச் சொல்லுங்க,” என்றாள் கலாமணி.

தெய்வானை கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. ரெண்டு வருசமா நீங்க வேண்டாம் வேண்டாம்னு சொன்னது ஒண்ணுகூட எங்க காதுல உழுகலீங்க. இந்தப் பொட்டிக்குக் கேக்கலீங்க. கேக்காமப் பண்ணுனது நாந்தானுங்க. நல்லதுன்னு நெனைச்சு, உங்க வாயில அந்தச் சொல்லே வரக் கூடாதுன்னு...” மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். “இந்த அம்மிணி சரி பண்ணிருக்குது. இனிக் கேக்குமுங்க. என்மேல கோவமுன்னா கோவம்னு சொல்லிருங்க.”

திரையில் எழுத்து ஓடியது. “கோவமெல்லாம் இல்லை தெய்வானை. நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே,” என்றது குரல்.

அவ்வளவு அன்பான குரல். தெய்வானை அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு வருடம் அவரைத் தூக்கி நிறுத்திய குரல் அது, கேட்டதும் உடம்பு தானாக இளகத்தான் செய்யும். அப்படியே விட்டுவிடுவார் என்றுதான் கலாமணி நினைத்தாள்.

அவர் கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்தார்.

“இப்பப் பேசறது நீங்களுங்களா, பொட்டிங்களா?”

திரையில் எழுத்து வந்து நின்றது. ‘நான்தான் தெய்வானை. வேற யாரு?’

பெட்டி தன் வழக்கமான தாமதத்துக்குக் காத்தது. உத்தரத்திலிருந்த கண்கள் மெல்ல இறங்கி வந்து மனைவியின் முகத்தில் நின்றன.

சிவப்பு விளக்கு எரிந்தது.

மூர்த்தி “அப்பா” என்றான். பெட்டி அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு அடுத்ததைக் காட்டியது. ‘உன் புருசன்தான்.’ சிவப்பு. ‘நல்லா இருக்கேன்.’ சிவப்பு. ‘போய்ப் படு தெய்வானை.’ சிவப்பு. பெட்டி தன்னிடம் இருந்த இனிப்பையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, அவர் ஒன்று விடாமல் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். வெளியே ஒரு தசைகூட அசையவில்லை. நெற்றியில் மட்டும் வேர்வை அரும்பியது. தெய்வானை அழுதபடியே, “விடாதீங்க, விடாதீங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் நடந்திருக்கும். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் பெட்டி திகைத்து நின்று, திரை வெறுமையாயிற்று. பிறகு, யூகம் ஒன்றும் இல்லாதபோது செய்கிற வேலையைச் செய்தது. அகர வரிசையைக் காட்டத் தொடங்கியது.

அ. சிவப்பு. ஆ. சிவப்பு. வேண்டாத எழுத்துகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்து, ஒன்றை மட்டும் விலக்காமல் நிற்க விட்டார். உ.

“உதவின்னு கேக்கறாருங்களா?” என்றான் மூர்த்தி. “உடம்பு...?”

“தம்பி, இத்தனை நாள் நடந்ததும் அதுதான். நாம யூகிக்க வேண்டாம்.”

மூன்று பேரும் காத்திருந்தார்கள். க் வந்தது. எவ்வளவோ நேரம் கழித்து கா வந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. தெய்வானை ஓடிப்போய்த் துண்டால் நெற்றியைத் துடைத்துவிட்டு, தன்னால் தடைபட வேண்டாம் என்று மறுபடி கால்மாட்டுக்கே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கடைசி எழுத்துக்குக் கிட்டத்தட்ட வரிசை முழுவதையும் அவர் விலக்க வேண்டியிருந்தது. ரு.

பெட்டி நான்கையும் சேர்த்துப் பார்த்தது. அதற்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார். மறுக்கவில்லை. பச்சை எரிந்தது.

“உக்காரு,” என்றது குரல். அன்பு சேர்க்கப் பெட்டிக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. பேர் சொல்லவில்லை. பட்டறையில் ஆளை ஏவுகிற மாதிரி, முரட்டுத்தனமாக, ஒரே ஒரு சொல்.

தெய்வானை உட்கார்ந்தார்.